சம்மந்தி வீட்டு யூரியா

காற்றின் மேல் பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போன மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். உலகம் பெரிது, நீ பார்த்தது கொஞ்சம், வேறு யாராவது இருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இருந்தால் அவர் இவருடைய தம்பியாகத்தான் இருக்க வேண்டும்.

முறைப்பாடு களவு பற்றியது. களவு போன பொருள் யூரியா. சார்ஜன்ட் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, கள்ளன் யார் என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார். கங்காணி கொஞ்சமும் தயங்காமல், "ஹுலங், மஹத்தயா" என்றாராம். காற்றுதான், ஐயா. சார்ஜன்ட் பேனாவை மூடிவிட்டார். காற்றின் அடையாள அட்டை நம்பர் தெரியுமா, நிரந்தர முகவரி தெரியுமா என்று மரியாதையாக விசாரித்து, ஒரு பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்திருக்கிறார். கங்காணி திரும்பி வந்து எங்களிடம் சொன்னது இதுதான்:

"முகவரி மட்டும் தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பாருங்க. நல்ல மனுசன்."

அன்றிலிருந்து அவர் காத்துக் கங்காணி. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அங்கேயும் அதை யாரும் உரக்க வாசித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

நான் அப்போது அந்த டிவிசனுக்குக் கண்டாக்கு. மலைநாட்டுக்கு வெளியே இருந்து இதை வாசிப்பவர்களுக்குச் சொல்கிறேன்: மேலாளரான துரைக்குக் கீழே, கங்காணிக்கு மேலே, இரண்டு பக்கத்துத் திட்டும் சரியாக வந்து விழக்கூடிய உயரத்தில் நிறுத்தப்பட்ட வெளிக்கள உத்தியோகத்தருக்குத்தான் தோட்டத்தில் கண்டாக்கு என்று பெயர். இந்த வேலைக்குத் தைரியம் வேண்டும். என்னிடம் இருந்தது காக்கிக் காற்சட்டை. மேசையில் போன் அடித்தால் என் நெஞ்சு அதைவிடச் சத்தமாக அடிக்கும். பெரிய துரையின் ஜீப் வளைவில் திரும்பும் ஓசை கேட்டால், செய்யாத தப்பெல்லாம் செய்ததாக ஞாபகம் வரும். அட்டை கடித்தால் இரத்தம் போகிறதே என்று பயப்படுவார்கள் மற்றவர்கள். எனக்கு அந்த அட்டை எங்கே போய் என்ன சொல்லுமோ என்று பயம்.

அப்படிப்பட்டவனுக்குக் கீழே வேலை செய்ய ஆண்டவன் அனுப்பி வைத்தவர்தான் காத்துக் கங்காணி. நெட்டையான, ஒல்லியான ஆள். வெயிலோ பனியோ, தலையில் காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லாய். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் என்னைப் பார்த்து நிற்பார்கள். அவர் மட்டும் காற்று வரும் திசையைப் பார்த்து நிற்பார். ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்து மேலே தூக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். வணக்கம் சொல்கிறார் என்று நினைத்து முதல் வாரம் நான் பதில் வணக்கம் வைத்தேன்.

இந்தக் காற்றுப் பைத்தியம் அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது.

ஒருமுறை நுவரெலியாவிலிருந்து ஒரு விவசாய அதிகாரி, உரம் போடுவது பற்றிப் பேச வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மெல்லப் பேசும் நல்ல மனிதர். கூட்டம் போட வேறு இடமில்லாமல் பிள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் இடத்தில் வைத்தோம். பெரியவர்கள் எல்லோரும் குழந்தை நாற்காலிகளில் குந்தியிருந்தோம். அதிகாரி சொன்னார்: யூரியாவை மண்ணின் மேலே தூவிவிட்டு அப்படியே விடக்கூடாது. லேசான ஈரத்தில் கரைந்து, வெயிலும் காற்றும் பட்டால் அது அமோனியா என்ற வாயுவாகி மேலே போய்விடும். மண்ணின் புளிப்பைக் குறைக்க டொலமைட் தூள் போட்ட மலையாக இருந்தால் இன்னும் வேகமாகப் போகும். தூவின பிறகு நல்ல மழை பெய்து அதை மண்ணுக்குள் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் நாங்களே மண்ணோடு கொத்திக் கலந்துவிட வேண்டும்.

பாதிப் பேருக்கு நித்திரை. மீதிப் பேருக்கு நாற்காலி கடித்தது. முழங்கால் இரண்டும் காதைத் தொட உட்கார்ந்திருந்த கங்காணி மட்டும் கையைத் தூக்கினார்.

"அப்பிடி போனது எங்கங்க போகும்?"

"காத்தோட போகும்."

"போயி?"

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பக்கத்திலை எங்கையாவது மழையோட பனியோட வந்து விழும். அதுக்கு நாங்கள் வேலி போட ஏலாது தானே."

அவர் அதைச் சும்மா சொன்னார். கேட்டவர் சும்மா கேட்கவில்லை. கங்காணியின் கண் மெல்லச் சன்னலுக்குப் போனது. சன்னலுக்கு வெளியே எங்கள் ஆறாம் நம்பர் மலை. அதற்குக் கீழே பள்ளத்தில் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம், பக்கத்துத் தோட்டத்தின் மலை. எங்கள் பக்கம் மஞ்சள். அந்தப் பக்கம் பச்சை. அதுவரை அதை அவர்கள் மண்ணின் யோகம் என்று நினைத்திருந்த மனிதருக்கு, அந்தச் சின்ன நாற்காலியில் வைத்து வழக்கு முழுவதும் விளங்கிவிட்டது.

இதில் ஒரு சிக்கல். அந்தப் பக்கத்து மலைக்குக் கங்காணி யாரென்றால், இவருடைய சம்மந்தி. மகள் தேவியை அந்த வீட்டுக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தார். எங்கள் மலையில் நின்று பார்த்தால் அந்தத் தொழிலாளர் லயத்துக் கொடியில் தேவியின் எந்தச் சேலை காய்கிறது என்றுகூடத் தெரியும்.

சம்மந்தி வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு முறைப்படி போனார் நம் ஆள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சம்மந்தி குள்ளமான, நிதானமான மனிதர். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் வாயிலுள்ள வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றுவார். அந்த இடைவெளியில் நாம் ஒரு தேநீர் குடித்து முடித்துவிடலாம். நான் குடித்தும் முடித்தேன். அப்போதுதான் நம் கங்காணி ஆரம்பித்தார்.

"பொண்ணக் குடுத்தேன் சம்மந்தி, சரி. யூரியாவையும் சேத்தா குடுக்கணும்?"

வெற்றிலை இடம் மாறியது.

"நா வாங்கலையே, சம்மந்தி."

"நீங்க வாங்கலீங்க. அது வருது."

"வந்தா நா என்னா செய்யட்டும்? திரும்பிப் போன்னு சொல்லட்டுமா?"

உள்ளேயிருந்து தேவியின் குரல் வந்தது. "அப்பா, வந்த எடத்துல பேசாம டீயக் குடிச்சிட்டுப் போங்கப்பா. மாமாவுக்கு ஏற்கனவே பிரசரு."

சம்மந்தி திருப்பி அனுப்ப மாட்டார் என்று தெரிந்ததும் நம் கங்காணி பாதுகாப்பு ஏற்பாடுகளில் இறங்கினார். வெற்று உரப் பைகளைப் பிரித்துத் தைத்து, ஓடைப் பக்கம் கம்பு நட்டு, நீளமாக ஒரு மதில் கட்டினார். கொழுந்துக்கு வந்த பெண்களுக்கு அன்று முழுக்க நல்ல பொழுதுபோக்கு. அவருடைய ஆட்களில் மல்லிகா என்று ஒருத்தி. கையில் கொழுந்தும் வாயில் கேலியும் ஒரே வேகத்தில் போகும்.

"கங்காணி, அந்தக் காத்துல எங்க மாமியாரையும் கொஞ்சம் ஏத்தி விடுங்க. அங்கிட்டுப் போயி பச்சையா இருக்கட்டும்."

மதில் ஒரு நல்ல நாள் பார்த்துப் பறந்தது. பறந்துபோய் சம்மந்தி வீட்டு ஆட்டுப் பட்டியின் மேல் கூரையாக உட்கார்ந்தது. ஆடுகளுக்குச் சந்தோஷம். சம்மந்தியும் அதை இறக்கவில்லை. நம் ஆளுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டியிருக்கவில்லை. பையே போகிறதென்றால் பைக்குள் இருந்தது போகாதா? அன்று மத்தியானமே பொலிஸுக்குப் புறப்பட்டார்.

இதெல்லாம் விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்த காலம். விளையாட்டு நின்ற நாள் பெரிய துரை ஆறாம் நம்பர் மலைக்கு வந்த நாள்தான்.

உரம் கிடைக்காமல் தோட்டங்கள் எல்லாம் வெளுத்துப் போயிருந்த வருஷங்களுக்குப் பிறகு, உரம் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கியிருந்தது. பெரிய துரை செடிகளைத் தடியால் தட்டிப் பார்த்தார். எங்கள் டிவிசனுக்கு வரப்போகும் யூரியாவில் இந்த மலைக்கு ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்றார். அடுத்த முறை தான் வரும்போது கொழுந்து எழும்பியிருந்தால் சரி. இல்லாவிட்டால் இந்த மலையை விட்டுவிடலாம்.

விட்டுவிடுவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். கொஞ்ச நாளில் மானாப்புல் ஏறும். பிறகு காட்டுப் பன்றி குடிவரும். செடியை விடுங்கள், பன்றிக்கும் வீடு வேண்டும். ஆனால் ஆறாம் நம்பரில் பறிக்கும் பெண்களை மேல் டிவிசனுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆறாம் நம்பரில் நின்றால் தேத்தண்ணி நேரத்துக்கு இறங்கி வந்து பிள்ளைக் காம்பராவில் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு ஏறிவிடலாம். மேல் டிவிசனிலிருந்து அது முடியாது. மல்லிகாவின் கடைசிக் குழந்தை அப்போது பால் குடித்துக்கொண்டிருந்தது. துரை போனபிறகு அன்று மல்லிகா யாரையும் கேலி பண்ணவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

லொறியில் யூரியா வந்து இறங்கியது. மலை ஓரத்துக் கொட்டிலில் அடுக்கினோம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்றே தூவிவிட வேண்டும் என்று நின்றேன். கங்காணி விரலை நனைத்துத் தூக்கினார்.

"காத்து சரியில்லீங்க ஐயா. காஞ்ச காத்து. மழையும் கிட்ட இல்ல."

"தொரை வந்து ஏன் போடலைன்னு கேட்டா நா என்னா சொல்றது, கங்காணி?"

"காத்து சரியில்லைன்னு சொல்லுங்க."

"சொன்னா அவரு எனக்குப் பைத்தியத்துக்கு மருந்து வாங்கிக் குடுப்பாரு."

அவர் அசையவில்லை. மறுநாளும் காற்று சரியில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. இதற்குள் ஓடைக்கு அந்தப் பக்கம் சம்மந்தியின் ஆட்கள் உரம் போட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் மலை அப்போதுதான் கவ்வாத்து வெட்டி, டொலமைட் தூவி, மொட்டையாக நின்றது. அந்தத் துரை அவசரக்காரராம். பெண்கள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு கோப்பையால் அள்ளி அள்ளி வீசுவது எங்கள் பக்கம் நின்று பார்க்கவே கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. என் கண்தான் கொள்ளவில்லை. அந்தத் தோட்டம் போட்டுவிட்டது, நாங்கள் விரலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறோம்.

போனில் மழை பார்த்தேன். ஒரு செயலி இன்றைக்கு மழை என்றது. இன்னொன்று நாளைக்கு என்றது. மூன்றாவது, நான் இருக்கும் இடமே தெரியவில்லை என்றது. இன்டர்நெட் கிடைப்பது மாரியம்மன் கோயில் மூலையில் மட்டும் என்பதால் அடிக்கடி அங்கே போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கண்டாக்கையாவுக்குப் பக்தி வந்துவிட்டதென்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பூசாரி எனக்கென்று தனியாகத் திருநீறு எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

ஒரு சனிக்கிழமை. காலையில் ஒரு பொட்டுத் தூறல், செடியை நனைத்த மாதிரி நனைத்துவிட்டுப் போய்விட்டது. பிறகு நல்ல வெயில். அந்தப் பக்கத்திலிருந்து காற்று. நான் கொட்டில் வாசலில் உட்கார்ந்து ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று மூக்கில் ஏதோ குத்தியது. பழைய கக்கூஸை யாரோ என் மூக்குக்குள் வைத்துக் கழுவியதுபோல ஒரு நெடி. கண்ணில் தண்ணீர். முதலில் சம்பலைச் சந்தேகித்தேன். பிறகு திரும்பிக் கொட்டிலைப் பார்த்தேன். எங்கள் யூரியா. எங்கள் மலை. எங்கள் எல்லாம். உள்ளே அடுக்கியபடியே ஆவியாகிக்கொண்டிருக்கிறது, நாங்கள் எல்லோரும் அந்த வாயுவில் மயங்கிச் சாகப்போகிறோம் என்று என் மூளை ஒரே மூச்சில் முடிவு கட்டிவிட்டது.

அடுத்து நடந்ததை நான் வரிசையாகச் சொல்ல முடியாது. நான் அங்கே நிதானமாக இருக்கவில்லை. பெண்கள் எல்லோரையும் கூடையைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கச் சொல்லிக் கத்தினேன். வழிகாட்ட வேண்டியவன் என்ற முறையில் நான் முன்னால் ஓடினேன். கைக்குட்டையை நனைக்கத் தண்ணீர் இல்லாததால் போத்தலில் இருந்த தேநீரில் நனைத்து மூக்கில் கட்டினேன். ஓடுகிற ஓட்டத்தில் கிளாக்கருக்குப் போன் பண்ணி ஆம்புலன்ஸ் என்றேன். வீட்டுக்குப் போன் பண்ணிச் சன்னலையெல்லாம் சாத்து, என்ன நடந்தாலும் தைரியமாக இரு என்றேன். மனைவி கொஞ்சம் யோசித்துவிட்டு, வரும்போது முட்டை வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். இந்தக் கட்டத்தில் கால் வழுக்கி, மழைத் தண்ணீர் ஓட வெட்டின கானுக்குள் மல்லாந்து விழுந்தேன்.

கண்ணைத் திறந்தபோது, கான் ஓரத்தில் வரிசையாகப் பெண்கள். ஒருத்தியும் ஓடவில்லை. கூடையைக்கூட இறக்கவில்லை. மல்லிகா குனிந்து பார்த்தாள்.

"ஐயா, சாகுறதா இருந்தா கொஞ்சம் தள்ளிப் படுங்க. இது கொழுந்து கொண்டு போற பாதை."

அவர்களுக்கு நடுவில் காத்துக் கங்காணி வந்து நின்றார். காற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பினார். கண்ணை மூடி, மெல்ல, ஆழமாக இழுத்தார். ஒரு பெரிய சங்கீத வித்துவான் சுருதி பார்ப்பதுபோல இருந்தது. பிறகு கொட்டிலுக்குப் போய்ப் பைகளைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"நம்மளது இல்லீங்க ஐயா. பை காஞ்சு கெடக்கு. இது சம்மந்தி வூட்டு யூரியா."

டொலமைட் போட்ட மொட்டை மலை, அதன் மேல் யூரியா, அதன் மேல் ஒரு பொட்டுத் தூறல், அதன் மேல் வெயில். அதிகாரி பிள்ளைக் காம்பராவில் சொன்னதெல்லாம் ஒரே நாளில் ஒரே மலையில் கூடி வந்திருந்தது. உண்மையில் அந்த நெடி ஓடை தாண்டி எவ்வளவு வந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. என் மூக்கும் என்னைப்போலத்தான், எதையும் பெரிதாக்கும். ஆனால் வந்தது.

நான் கானிலிருந்து எழும்பினேன். இனி நம் ஆளுக்குக் கொண்டாட்டம் என்று நினைத்தேன். இவ்வளவு காலம் நம்முடையது அங்கே போனது, இப்போது அவர்களுடையது இங்கே வருகிறது, கணக்குச் சரி. நானாக இருந்தால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வாங்கியிருப்பேன். அவர் போய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். குல்லாயைக் கண்வரை இழுத்துவிட்டார்.

"இப்ப நாமதாங்க ஐயா கள்ளன்."

"என்னா கங்காணி, நாம எங்க எடுத்தோம்? அதுவா வருது."

"சம்மந்தியும் அதத்தானுங்களே சொன்னாரு. நா கேட்டனா?"

எழுந்தார். ஓடைப் பக்கம் இறங்கினார். நேராகப் பொலிஸுக்குப் போய்த் தன்னைத்தானே ஒப்புக்கொடுத்துவிடுவாரோ என்று பயந்து நானும் பின்னால் ஓடினேன். தேநீர் கைக்குட்டை இன்னும் மூக்கிலேயே இருந்தது.

சம்மந்தி லயத்து வாசலில் நின்றார். நம் ஆள் வாழைப்பழம் எதுவும் கொண்டு போகவில்லை.

"சம்மந்தி, ஒங்க யூரியா எங்க மலைக்கு வந்துக்கிட்டு இருக்கு. நா வேணாம்னுதான் நிக்கிறேன். நிக்க மாட்டேங்குது. வந்து பாருங்க."

சம்மந்தி வெற்றிலையை மாற்றத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். தன் மலைக்கு ஏறினார். குனிந்து மண்ணுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு போனவர், சட்டென்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தார். அந்த மனிதர் வேகமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"தொரை போடச் சொன்னாரு, போட்டோம். இந்த மொட்டச் செடி இனி எத வச்சுத் துளிர்க்கும்? என்னா செய்றது, சம்மந்தி?"

"முள்ளு எடுங்க," என்றார் நம் ஆள்.

முள்ளு என்பது மண்ணைக் கிளறும் நீண்ட பற்கள் கொண்ட கருவி. செடிக்குச் செடி அதைக் குத்திப் புரட்டி, மேலே கிடப்பதை மண்ணுக்குள் தள்ள வேண்டும். போனது போகட்டும், கிடப்பதையாவது காப்பாற்றலாம். ஆனால் சம்மந்தியின் ஆட்கள் மட்டும் குத்தி முடிக்கக்கூடிய மலை இல்லை அது. மறுநாள் ஞாயிறு, வேலை இல்லாத நாள். நம் கங்காணி திரும்பி வந்து லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்: நாளைக்கு எல்லாரும் சம்மந்தி மலைக்கு.

வேறு தோட்டத்து மலை. அனுமதி இல்லை. நாளைக்கே காற்று மாறி மழை கூடி வந்தால் எங்கள் யூரியாவைப் போட ஆள் இருக்காது. ஆறாம் நம்பர் என்னாவது? இதையெல்லாம் நான் அவரிடம் ஒரே வாக்கியத்தில் கேட்டேன். அவர் குல்லாயை இழுத்துச் சரிசெய்தார். மல்லிகாதான் கேட்டாள்:

"சம்மந்தி வூட்டுல சோறு உண்டா?"

உண்டு என்றார். தேவி சமைக்கிறாள் என்றார். அதோடு கூட்டம் கலைந்தது. என் கேள்விகளுக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

ஞாயிறு காலை இரண்டு தோட்டத்து ஆட்களும் அந்த மொட்டை மலையில் முள்ளுக் குத்தினார்கள். நானும் குத்தினேன். என் சப்பாத்தைத் தவிர வேறு எதிலும் படாமல் குத்தினேன். தேவி பருப்பும் கருவாட்டுக் குழம்பும் கொண்டு வந்து வைத்தாள். சோற்றில் கை வைத்த நேரம் நம் கங்காணி விரலை நனைத்துத் தூக்கினார். தூக்கின விரலை இறக்கவில்லை. மேற்கில் மலைக்குப் பின்னால் இருட்டிக்கொண்டு வந்தது.

"ஐயா. இப்ப."

சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தார்கள். எங்கள் ஆட்கள் மட்டுமல்ல. சம்மந்தி வெற்றிலையைத் துப்பிவிட்டு முதல் ஆளாக ஓடையைத் தாண்டினார். இரண்டு கூட்டமும் ஆறாம் நம்பரில் ஏறியது. கொட்டில் சாவி என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை துரையைக் கேட்காமல் அதைத் திறந்தபோது என் கை ஆடிய ஆட்டத்தில் பூட்டே பயந்து திறந்துகொண்டது. பையைச் சுமந்தேன். இரண்டு முறை விழுந்தேன். ஒரு முறை மல்லிகா தூக்கிவிட்டாள், மறுமுறை தாண்டிப் போனாள். கடைசிப் பைகள் காலியாகும்போது முதல் துளி விழுந்தது. கொட்டித் தீர்த்து எல்லாவற்றையும் ஓடைக்கு அடித்துப் போகும் மழையல்ல. அவசரமில்லாமல், மண்ணுக்குள் இறங்கி இறங்கிப் பெய்கிற மழை. காத்துக் கங்காணி குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதில் நின்றார். அவர் தலையை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். சம்மந்தி பக்கத்தில் போய், "சளி பிடிக்கும், போடுங்க சம்மந்தி" என்று குல்லாயை வாங்கி அவர் தலையில் வைத்துவிட்டார்.

பிறகு பெரிய துரை வந்தார். ஆறாம் நம்பர் பச்சையாக இருந்தது. பெண்கள் இரண்டு கையாலும் பறித்துக்கொண்டிருந்தார்கள். துரை தடியால் தட்டவில்லை, கையால் தொட்டுப் பார்த்தார். நான் முதல்முறையாக அவர் முன்னால் மூச்சு விட்டேன். நல்ல வேலை, யார் கங்காணி என்று சிங்களத்தில் கேட்டார். இவர்தான் என்று காட்டினேன். அத்தோடு அவர் ஜீப்புக்குத் திரும்பியிருந்தால் கதை சுகமாக முடிந்திருக்கும்.

"தொரைகிட்ட ஒண்ணு சொல்லணுமுங்க," என்றார் கங்காணி.

"வேணாம் கங்காணி."

"இதுல கொஞ்சம் எங்களோடது இல்லீங்க. அந்தப் பக்கத்து யூரியா காத்துல வந்து விழுந்தது. அதையும் சேத்துத்தான் இந்தக் கொழுந்து. தொரைக்குத் தெரியணும்."

துரைக்குத் தமிழ் ஏவல் போடும் அளவுக்கு மட்டும் தெரியும். மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தார். நான் சிங்களத்தில், இந்த முறை மழை நன்றாகப் பெய்தது என்று சொல்கிறார் சேர், என்றேன்.

"மழைன்னு நா சொல்லவே இல்லீங்களே ஐயா," என்றார் கங்காணி. பொலிஸ் நிலையத்தில் சிங்களத்தில் கள்ளனைக் காட்டிக் கொடுத்தவருக்கு மழை என்ற சொல் தெரியாமலா இருக்கும்?

மலை போகப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யூரியாவைத் திருட்டுக் கொடுத்து, திருட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கொட்டிலைத் திறந்து, வேறு தோட்டத்தில் ஆட்களை இறக்கி. ஒன்றை இழுத்தால் எல்லாம் சேர்ந்து வரும். தூரத்தில் மல்லிகா பறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கங்காணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டு நிற்கிற முகம். அதை எதிர்த்து நிற்க என்னிடம் தைரியம் இல்லை, அதனால் எல்லாவற்றையும் சொன்னேன். காற்று, டொலமைட், சம்மந்தி, முள்ளு, ஞாயிற்றுக்கிழமை, சாவி. கானில் விழுந்ததை மட்டும் விட்டுவிட்டேன்.

துரை வெகுநேரம் ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே மொட்டைச் செடிகள் துளிர்த்துக்கொண்டிருந்தன.

"இந்த ஆள் எப்போதும் இப்படித்தானா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமாம் சேர். இன்றைக்குக் கொஞ்சம் குறைவு."

மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சிரிப்பா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆறாம் நம்பர் இருக்கட்டும் என்றார். ஜீப்பில் ஏறினவர் தலையை நீட்டி, அந்தப் பக்கத்துக்கு நம் நன்றியைச் சொல்லச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். தேத்தண்ணி நேரத்துக்கு மல்லிகா பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கிப் போகும்போது என்னைக் கடந்தாள். ஐயா இன்னைக்கி நின்னுக்கிட்டே இருந்தீங்களே, விழலையே என்று கேட்டுவிட்டுப் போனாள். கேலி திரும்பிவிட்டது. எனக்கு அது போதுமாயிருந்தது.

நான் இப்போது வட்டகொடைப் பக்கம் வேலையில் இருக்கிறேன். காத்துக் கங்காணி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு போய் இருக்கிறார். அதாவது ஓடைக்கு அந்தப் பக்கம். இப்போது அங்கே நின்றுகொண்டு இந்தப் பக்கத்தைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறாராம், சம்மந்தியும் கூடவே நின்று பார்க்கிறாராம்.

எங்கள் வீட்டுச் சன்னல் பூண்டுலோயாவைப் பார்த்திருக்கிறது. அந்தப் பக்கத்துக் காற்று வீசும் நாட்களில் வீடு முழுக்கக் குளிர். மனைவி சாத்தச் சொல்லித் திட்டுகிறாள். நான் கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருக்கிறேன்.